கடைசி அரை மில்லி

அவரைப் பற்றி நல்லபடியாகப் பேச ஹைதராபாத் மெட்டுகூடாவில் இன்றைக்கும் ஆள் கிடைக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போய் லேத் மாஸ்டர் என்று சொன்னால் போதும், உட்கார வைத்து டீ கொடுத்து அரை மணி நேரம் புகழ்வார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. பெயரை எழுதப்போவதும் இல்லை. மரியாதைக்காக அல்ல. பெயரைப் போட்டால் இந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, மீதியை அவரே எழுதி முடித்துவிடுவார் என்கிற பயம்தான்.

ஒல்லியான மனிதர். காக்கிக் கோட்டு, அதன் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், நெற்றியில் சந்தனக் கீற்று. நாள் முழுக்க லேத் ஷெட்டில் நிற்பவர்; நகக்கண்ணில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. குரலை உயர்த்த மாட்டார். யாரையும் திட்டியதில்லை, கை ஓங்கியதில்லை. அப்படிச் செய்திருந்தால் நான் சொன்னதை எங்கள் வீட்டில் நம்பியிருப்பார்கள்.

அவர் வாயில் அதிகம் வரும் சொல் ஒன்றுதான். கொண்டா.

கோயில் அன்னதானத்தில் யாராவது சாம்பார் ஊற்றிக்கொண்டு போனால் பின்னாலேயே நடப்பார். இரண்டு இலை பார்ப்பார். "கொண்டா இங்க" என்று வாளியையும் கரண்டியையும் வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வெளியே சிந்தாது. எங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் அம்மா பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தால் கத்தி அவர் கைக்குப் போய்விடும். அப்பா ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், வாழ்க்கையே ஸ்பானர் பிடித்துப் போனது. ஒரு நாள் அப்பா ஸ்டூலில் ஏறி ஃபேன் ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். "கொண்டாப்பா, எறங்கு." அப்பா சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வீட்டு ஃபேனுக்குத் தானே எடுபிடி.

"மாஸ்டர் கை பட்டா வேலை சுத்தம்" என்பார் அப்பா. அது உண்மைதான். என் சண்டையே அந்தச் சுத்தத்தோடுதான்.

அந்த வருஷங்களில் ஹைதராபாத்தில் யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர்தான். அண்ணன் ஜாவா படிக்க அமீர்பேட்டைக்குப் பஸ் ஏறினான். அங்கே இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் பை நிறைய நோட்டீஸ் கொடுத்துவிடுவார்கள். என்னையும் அங்கேதான் தள்ளப் பார்த்தார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஆகாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு லேத் பட்டறை இருந்தது. சுழல்கிற இரும்பிலிருந்து நீலச் சுருள் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்று எத்தனையோ நாள் முதல் மணியைக் கோட்டை விட்டிருக்கிறேன். அந்த வேலைதான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். பொட்டைப் புள்ளைக்கு லேத்தா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்பா யோசித்து யோசித்துக் கடைசியில் மாஸ்டரிடம் கூட்டிப்போனார். நாச்சாரம் தாண்டி ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் வேலை சொல்லிக்கொடுக்கும் டர்னர் பிரிவை அவர் நடத்திக்கொண்டிருந்தார்.

"நம்ம பொண்ணு. நான் பாத்துக்கறேன், நீ போப்பா" என்றார் மாஸ்டர்.

பார்த்துக்கொண்டார்.

லேத்தில் ஒரு தண்டைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவது என்றால், முதலில் முரட்டுத்தனமாகச் சீவிக்கொண்டே போகலாம். அதில் தப்பு வந்தாலும் சரி செய்துகொள்ளலாம். கடைசி அரை மில்லிமீட்டர்தான் வேலை. அங்கே ஒரு மயிரிழை அதிகமாகச் சீவிவிட்டால் போனது போனதுதான், இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. படிப்பு என்பதே அந்த அரை மில்லியைக் கடப்பதுதான். அதற்காகத்தான் இரண்டு வருஷம் நிற்க வைக்கிறார்கள்.

எங்கள் ஷெட்டில் அந்த அரை மில்லி மாஸ்டருடையது. நாங்கள் சீவிக்கொண்டு வருவோம். அளவு நெருங்கும்போது அவர் எப்படியோ பக்கத்தில் வந்திருப்பார். "கொண்டா." அப்போது, இரும்பைச் சீவும் டூலை நகர்த்துகிற சக்கரத்தின் கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் நகர வேண்டும். அவர் ஸ்கேலைப் பையில் சரி செய்துகொண்டு, கைப்பிடியை இரண்டு விரலால் தொடுவார். தண்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று இறங்கும். மைக்ரோமீட்டரை வைத்து அளந்து எங்களிடம் காட்டுவார். "பாத்துக்க. இதான் சைஸ்." நாங்கள் பார்த்துக்கொள்வோம். பிறகு அந்த ஜாப், அதாவது கடைந்த தண்டு, அடியில் என் பெயர் எழுதிய காகிதத் துண்டு ஒட்டப்பட்டு, ஷெட் வாசலில் இருந்த கண்ணாடி அலமாரிக்குப் போகும். வரிசை வரிசையாக அங்கே எல்லார் பெயரும் இருந்தது. வேலை ஒரே ஆளுடையது.

ஒரு தடவை நான் கைப்பிடியை விடவில்லை.

"நானே முடிக்கறேன் மாஸ்டர்."

"நக்கோம்மா, வேணாம். சைஸ் போச்சுனா?"

"போனா போவுது. வேற ஜாப் மாட்டறேன்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். தண்டைப் பிடித்திருந்த சக்கு சுற்றி ஓயும்வரை காத்திருந்துவிட்டு மற்றவர்களைப் பார்த்து, "இன்னாடா, இந்தப் பொண்ணு அவங்க அப்பன் ஒர்க்‌ஷாப்புல இருந்து இரும்பு கொண்டாந்து குடுக்குமாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன். அவர் சுவிட்சைப் போட்டு முடித்துவைத்தார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரீசியன் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்த வெல்டிங் ஷெட்டை மூடிவிட்டு அங்கே கம்ப்யூட்டர்களை இறக்கியிருந்தார்கள். அடுத்தது எங்கள் ஷெட் என்று பேச்சு. டர்னர் பிரிவில் ஒருத்தரும் ஃபெயில் ஆவதில்லை என்பது ஒன்றுதான் அவர் கையிலிருந்த துருப்பு. "உங்க கையில வுட்டா நாளைக்கே ஷெட்டை இழுத்து மூடிடுவாங்க" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் பயம் தெரிந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் ஷெட்டைக் காப்பாற்ற எங்களை அல்லவா மூடிவைத்தார்.

கடைசிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். மாஸ்டர் அவரை ஆபீஸ் ரூமுக்கு அழைத்துப்போய் இட்லி வடை வைத்தார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மாஸ்டர் ஒவ்வொரு லேத்தாக வந்து, கொண்டா, கொண்டா, கொண்டா. எல்லாரும் பாஸ். எனக்கு முதல் வகுப்பு. அப்பா மாஸ்டருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

மல்லாபூரில் ஒரு கம்பெனி. பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுப்பார்கள். ஆள் எடுப்பதற்கு முன் ஒரு ஜாப் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். போர்மன் தெலுங்குக்காரர், முகத்தில் ஒன்றும் தெரியாத மனிதர். நான் தண்டை மாட்டினேன், சீவினேன். அளவு நெருங்கியது. அரை மில்லி பாக்கி.

என் கை கைப்பிடியை விட்டது. நான் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றேன்.

நான் விடவில்லை, கை விட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. தண்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பக் கைப்பிடியைத் தொட்டபோது எவ்வளவு திருப்ப வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷம் பார்த்தது கண். கைக்கு அது புதுசு. போர்மன் வந்து பார்த்தார். "நாச்சாரத்துப் பக்கம் படிச்சியா?" என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். எனக்கு முன்னால் அங்கிருந்து வந்தவர்களும் அதே இடத்தில் கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றார்களாம். அவர்களில் இரண்டு பேர் அந்தக் கம்பெனியிலேயே லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பிசிறு எடுக்கிற மேஜைக்கு அனுப்பினார். யாரோ கடைந்து முடித்த தண்டுகளின் ஓரத்தில் நிற்கிற கூர்ப்பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்கும் வேலை. அங்கே எல்லாம் பெண்கள்தான். உட்கார்ந்து செய்கிற வேலை. எதிலிருந்து தப்பித்து ஓடினேனோ அதிலேயே வந்து விழுந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"மாஸ்டரைப் பத்தி அப்டி பேசாத. உனுக்கு கை வரலன்னா அவர் இன்னா பண்ணுவார்?"

"கை வர வுட்டாதானப்பா வரும்?"

"முதல் கிளாஸ்ல பாஸ் பண்ணிட்டு வந்து அவரையே பேசறியே. வெக்கமா இல்ல?"

அண்ணனுக்கு அப்போது மாதாபூரில் வேலை கிடைத்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடுவான். தீபாவளிக்குள் லேத்தில் நிற்கவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு அமீர்பேட்டைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவானது. நான் போர்மனிடம் போய் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்டேன். சரி, தீபாவளிக்கு முன் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். மூலையில் ஒரு பழைய லேத் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதில் வெட்டுத் துண்டுகளை மாட்டிக் கடைந்துகொள்ளட்டுமா என்றேன். "டூல் உடைஞ்சா ஓனர்கிட்ட நீதான் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான் அவர் செய்த உதவி.

டப்பாச் சோற்றை நாலு வாயில் தள்ளிவிட்டு ஓடுவேன். முதலில் ஒன்றுகூட உருப்படவில்லை. அரை மில்லி வந்ததும் கை தானாக விலகும், பிடித்து வைத்தேன். அதிகமாகச் சீவினேன். குறைவாகச் சீவினேன். தண்டு அதிர்ந்து பல் பல்லாக வந்தது. மேஜைப் பெண்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். வீணான துண்டுகளை வாளியில் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த வாளி நிறைய நிறைய எனக்கு ஆத்திரம் குறைந்துகொண்டே வந்தது. இந்தத் துண்டுகளை எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே நான் வீணாக்கியிருக்க வேண்டும். எனக்கு வரவேண்டிய தப்புகளை அந்த மனிதர் என்னிடமிருந்து வாங்கிவைத்திருந்தார்.

கடைசியில் ஒன்று அளவுக்கு வந்தது. பிறகு இன்னொன்று.

டெஸ்ட் அன்றைக்கு அப்பா என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கேட்டில் மாஸ்டர் நின்றிருந்தார். காக்கிக் கோட்டோடு. அப்பா சொல்லியிருக்கிறார்.

"ஓனரைத் தெரியும்மா எனக்கு. கூட நிக்கறேன். நீ பயப்படாத" என்றார்.

"வேணாம் மாஸ்டர்."

"சும்மா இரு" என்றார் அப்பா. கேட்டுக்குள் அப்பாவை விடவில்லை, வாட்ச்மேனோடு நின்றுகொண்டார். மாஸ்டரை ஓனரே வந்து வணக்கம் சொல்லி உள்ளே அழைத்துப்போனார்.

போர்மன் தண்டைக் கொடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். நான் மாட்டினேன், சீவினேன். என் முதுகுக்குப் பின்னால் சந்தன வாசனை வந்து நின்றது. அளவு நெருங்கியது. கை விலகவில்லை. சக்கரத்தை இழையிழையாகத் திருப்பினேன்.

"கொண்டாம்மா."

நான் திரும்பவில்லை.

"கேக்கலயா? கொண்டா இங்க."

அவர் கை என் கைமேல் வந்து உட்கார்ந்தது. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. சக்கரம் வெடுக்கென்று ஒரு திருப்பு திரும்பியது. டூல் தண்டுக்குள் இறங்கி ஒரு பள்ளம் போட்டது. சத்தம் கேட்டுப் போர்மன் வந்தார்.

மாஸ்டர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் முகம் துளிகூட மாறவில்லை. "பொண்ணு பயந்துடுச்சு சார். கை நடுங்கிடுச்சு" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். யாரையும் இப்படி வெறுத்ததில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். என் வேலையைக் கெடுத்த கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பழியை அவ்வளவு பரிவாக என் கையில் வைத்தாரே.

"என் கை நடுங்கல" என்று போர்மனிடம் தெலுங்கில் சொன்னேன். "வேற ஜாப் குடுங்க."

போர்மன் பள்ளத்தைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே மாஸ்டரின் விரல்கள் அழுத்திய சிவப்பு இன்னும் இருந்தது. மாஸ்டரிடம், "நீங்க வெளியே போய் ஒரு டீ சாப்பிடுங்க" என்றார்.

அவர் போனார். நான் இன்னொரு தண்டை மாட்டினேன். உடம்பெல்லாம் கோபம். தோள் மாதிரி தடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் டூல் ஒரு நொடி அதிர்ந்து மெல்லிசாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தது. போர்மன் அளந்தார், திருப்பி அளந்தார். நாளையிலிருந்து மெஷினுக்கு வந்துவிடு என்றார். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அந்தத் தண்டு மேஜையில் இல்லை. மாஸ்டர் ஞாபகமாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் போர்மன் சொன்னார்.

வெளியே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "மொதல்ல ஒண்ணு கெடுத்துடுச்சு. நான் கூட நின்னேன், அப்புறம் வந்துடுச்சு." அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார். அந்தத் தீபாவளிக்கு மாஸ்டர் வீட்டுக்குத்தான் முதல் ஸ்வீட் டப்பா போனது. அடுத்தடுத்த தீபாவளிகளுக்கும் போனது.

நான் லேத்தில் நின்றேன். பிறகு கம்ப்யூட்டரில் ஓடும் புது சி.என்.சி. மெஷின்கள் வந்தபோது அதிலும் நின்றேன். காலனியில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அப்பா பெருமையாகத்தான் சொல்வார். "எல்லாம் மாஸ்டர் புண்ணியம்." நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அவருடைய ரிடையர்மென்ட் விழாவுக்கு நான் போயிருக்க மாட்டேன். அப்பாதான் மாலை வாங்கிவைத்துக்கொண்டு கிளம்பி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஷெட்டில் இப்போது ஏசி போட்டு வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அங்கேதான் விழா. பழைய மாணவர்கள் ஆளாளுக்கு மைக்கில் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் லேத் பக்கமே போகாமல் வேறு பிழைப்புக்குப் போனவர்கள். மாஸ்டர் நல்லவர் என்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், இந்த இன்ஸ்டிட்யூட்டின் முதல் பெண் டர்னர் என்று.

மைக்கை வாங்கி, "நான் மொதல் தடவை தனியா ஒரு ஜாப்பை முடிச்சப்ப" என்று ஆரம்பித்தேன்.

"கொண்டாம்மா" என்றார் பக்கத்திலிருந்து. மைக் அவர் கைக்குப் போய்விட்டது. "அன்னிக்கு நான் கூட நின்னேன்" என்று அவரே என் கதையை முடித்தார். கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

மேடையிலிருந்து இறங்கி நேராக வராந்தாவுக்குப் போனேன். கண்ணாடி அலமாரியை அங்கே நகர்த்தி வைத்திருந்தார்கள். எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி. மேல்தட்டின் ஓரத்தில் என் பெயர் ஒட்டிய தண்டு ஒன்று நின்றது. அதன் தோள் பக்கத்தில் மெல்லிய கோடு. அந்த அலமாரியில் அவர் கை படாதது அது ஒன்றுதான்.

விழா முடிந்து அவர் மாலையோடு வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன். அப்பாவும் கூட வந்தார். அலமாரிச் சாவி எப்போதும் மாஸ்டர் இடுப்புக் கயிற்றில்தான்.

"அலமாரியைத் தெறங்க மாஸ்டர்."

யாருக்கோ காட்டக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திறந்தார். அந்தத் தண்டை எடுத்தார்.

"கொண்டாங்க" என்றேன். கையை நீட்டினேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றது. "நக்கோம்மா. அது இங்கயே இருக்கட்டும். இன்ஸ்டிட்யூட்டுக்குப் பெருமை."

"அது என்னுது. கொண்டாங்க."

"உன்னுது இன்னாம்மா, என்னுது இன்னா. எல்லாம் நம்மது."

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்பாவுக்குச் சங்கடமாக இருந்தது. என்னைக் கடிந்துகொள்ளத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் கண் அந்தத் தண்டின்மேல் இருந்தது. கிட்டே வந்து, ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்த கட்டை விரலால் அதன் தோள் பக்கத்தைத் தடவினார். பிறகு அலமாரியில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வரிசை முழுக்கப் பார்த்தார்.

"மாஸ்டர்" என்றார். "இதுல நீங்க கை வெக்கலயா?"

மாஸ்டர் மாலையைச் சரி செய்துகொண்டார்.

"மத்தது எல்லாம் நீங்க பண்ணதா?"

என் அப்பா அவரைப் பார்த்து அப்படி நின்று நான் கண்டதில்லை. "குடுத்துடுங்க மாஸ்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை.

தண்டு என் கைக்கு வந்தது. நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

ஆட்டோவில் அப்பா அதை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார். தார்நாகா வரை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தக் கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார்.

"இங்க டூல் அதிர்ந்துருக்குது" என்றார்.

"ஹவ்பா, அதிர்ந்துச்சு" என்றேன். "நான்தான்."